பேராதனைக்குப் போய்ச் சேருவதற்குள்

“சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒன்னும் செய்யாது.” 2020ஆம் ஆண்டின் முற்பகுதியில் கண்டி நகரத்து மருந்துக்கடை வாசலிலும் தோட்டத்துப் பிரட்டுக் களத்திலும் ஒரே மாதிரி அடிபட்ட பேச்சு இது. முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. கொவிட் வயதானவர்களைச் சாய்த்த அளவுக்குக் குழந்தைகளைச் சாய்க்கவில்லை. உலகம் முழுவதும் அப்படித்தான் நடந்தது. அந்த ஆறுதல் பேச்சு திட்டம் போடுகிறவர்களின் மேசைக்கும் போய்ச் சேர்ந்ததில்தான் கேடு விளைந்தது. அங்கே அது “பிள்ளைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஆகிவிட்டது.

அந்த அப்புறம் 2021 ஓகஸ்டில் வந்தது. டெல்டா திரிபு நாட்டைப் பிடித்து உலுக்கிய மாதம். எசல பெரஹராவின் யானைகள் பார்வையாளர் இல்லாத கண்டி வீதிகளில் நடந்தன. 20ஆம் திகதி இரவு நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஒக்டோபர் முதலாம் திகதிவரை நீடித்தது. அந்த ஆண்டு ஜனவரி 29ஆம் திகதியே பெரியவர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியிருந்தார்கள். நாட்பட்ட நோயுள்ள 12 தொடக்கம் 19 வயதுவரையான பிள்ளைகளின் முறை செப்டெம்பர் 24ஆம் திகதிதான் வந்தது. இதற்காக யாரையும் திட்டுவது முழுக்க நியாயமாகாது. பிள்ளைகளிடம் செய்ய வேண்டிய பரிசோதனைகள் உலகிலேயே பிந்தித்தான் முடிந்தன. ஆனால், தடுப்பூசி இல்லாத பிள்ளைக்கு வார்ட்டும் ஒட்சிசனும் ஆளணியும்தானே காவல்? அந்தக் கணக்கைப் பிள்ளைகளை முன்வைத்து உரத்துக் கேட்டவர்கள் குறைவு.

கண்டி மாவட்டத்தில் மூச்சுத் திணறும் குழந்தைக்குக் கடைசிப் புகலிடம் பேராதனைதான். போதனா வைத்தியசாலையும் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும் அங்கே இருக்கின்றன. மாத்தளை, நுவரெலியா, கேகாலைப் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கேதான் அனுப்பப்படுகிறார்கள். சிறுவர் நோய் நிபுணர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு, பக்கத்திலேயே மருத்துவ பீடம் என்று எல்லாம் ஓரிடத்தில் குவிந்திருப்பதில் நன்மை உண்டு. அரிய நோயைக் கண்டுபிடிக்கவும் கடினமான நிலையில் உள்ள குழந்தையைத் தேற்றவும் அனுபவம் ஓரிடத்தில் சேர வேண்டும். இதில் வாதத்துக்கே இடமில்லை.

வாதம், அங்கே போய்ச் சேருவதைப் பற்றியது.

தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாகப் பேராதனை ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். கொழும்பில் இருந்து வரைபடத்தைப் பார்ப்பவருக்கு இது ஒரு தூரமே இல்லை. ஆனால் தெல்தோட்டைக்கு மேலே இருக்கும் ஒரு டிவிஷனில் இரவு பதினொரு மணிக்குக் குழந்தைக்கு இளைப்பு வந்தால் கதையே வேறு. முதலில் லயத்தில் யாரிடம் ஓட்டோ இருக்கிறது என்று தேட வேண்டும். தோட்டப் பாதை முடிந்து தார் ரோட்டைத் தொடவே அரை மணித்தியாலம் ஆகலாம். பிறகு பிரதேச வைத்தியசாலை. அங்கே துண்டு எழுதி மேலே அனுப்பினால் இன்னொரு வளைவுப் பாதை. புசல்லாவை, மடுல்கலை, ஹேவாஹெட்ட என்று எந்தப் பக்கம் போனாலும் பெயர்தான் மாறும். மழைக்காலத்தில் பாதையே இருக்குமா என்பதும் கேள்வி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவுகள் கண்டி மாவட்டத்தை எப்படித் துண்டு துண்டாக்கின என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

குழந்தையின் நுரையீரலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கைக்குழந்தையின் மூச்சுக்குழாய்கள் மிக ஒடுங்கியவை. சிறு வீக்கமும் கொஞ்சம் சளியும் போதும், பாதை பாதியாகிவிடும். பெரியவர் நாலு நாள் இருமிக்கொண்டு நடமாடுகிற அதே வைரஸ், ஆறு மாதக் குழந்தையைச் சில மணித்தியாலங்களில் களைக்க வைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு எளிமையானது: குழந்தை அமைதியாக இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60, இரண்டு மாதம் தொடக்கம் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயது தொடக்கம் ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே போனாலோ, குழந்தை பால் குடிக்க முடியாமல் தவித்தாலோ இனி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கையில் கடிகாரம் உள்ள எந்தத் தாயும் எண்ணிவிடலாம். இதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒவ்வொரு பிள்ளை மடுவத்திலும் ஒட்ட எவ்வளவு செலவாகும்?

மலைநாட்டுக்குப் பெருந்தொற்று புதிதுமல்ல. 1918-19 இன்புளுவென்சாவைப் பற்றி சித்தார்த் சந்திரா, டில்ஷானி சரத்சந்திரா இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கை இழந்த சனத்தொகையை ஏறக்குறைய 3,07,000 என்று கணிக்கிறது. அதாவது அன்றைய மக்கள் தொகையில் 6.7 சதவீதம். நோய் உள்ளே வந்த வாசல்களாக அவர்கள் காட்டுவது இரண்டு துறைமுகங்களை: கொழும்பு, தலைமன்னார். தலைமன்னார் என்றதும் மலையகத் தமிழருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. தோட்டங்களுக்கு ஆள் வந்த பாதை அது.

நூறு வருடம் கழித்து, லயத்தின் நிலை எவ்வளவு மாறியிருக்கிறது? கொவிட் காலத்தில் “தனியறையில் இருங்கள்” என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. ஒற்றை அறையும் ஒரு சிறு குசினியும் உள்ள காம்பராவில் தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள் இருக்கும்போது எந்தத் தனியறை? விறகு அடுப்பின் புகை அந்த அறையிலேயே சுற்றும். அதற்கு மேல் பசி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு சொல்வது இது: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் 17.3 சதவீதம், தோட்டப் பகுதியில் 31.7 சதவீதம். வளர்ச்சி குன்றிய உடம்பில் நியூமோனியா எளிதில் வேரூன்றும் என்பது மருத்துவ மாணவருக்கு முதல் வருடங்களிலேயே சொல்லித்தரப்படும் பாடம். வைரஸுக்கு இனம், மொழி, தோட்டம், நகரம் தெரியாது என்று மேடையில் பேசுவது வழக்கம். நுரையீரலுக்குத் தெரியும்.

அக்குறணையின் கதை இன்னொரு விதம். 2020 மார்ச் இறுதியில் முதன்முதலாக மூடப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. வியாபாரத்தால் வாழும் முஸ்லிம் ஊர் ஒன்றின் வாசல் ஒரே இரவில் அடைக்கப்பட்டது. அது தொற்றைத் தடுக்கத் தேவையாக இருந்திருக்கலாம். அதன் பிறகு வந்த கட்டாயத் தகனத்துக்கு அப்படி எந்த நியாயமும் இல்லை. அடக்கம் செய்வதும் தகனம் செய்வதும் இரண்டுமே பாதுகாப்பானவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீரைக் காரணம் காட்டி அரசு பிடிவாதமாக நின்றது. 2020 டிசெம்பரில் கொழும்பில், பிறந்து 20 நாளேயான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் கொள்கை மாறி, மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

சுவாச நோயில் வாடும் குழந்தைகளைப் பற்றிப் பேசும் கட்டுரையில் மயானம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் பிள்ளை என்ன ஆகுமோ, இறந்துவிட்டால் உடலைக்கூடத் தரமாட்டார்களோ என்று ஒரு தாய் நினைக்கத் தொடங்கிய கணத்தில் சுகாதாரத் துறை தோற்றுவிட்டது. காய்ச்சலை மறைத்து வீட்டிலேயே ஆவி பிடிக்க வைப்பதும், மூன்றாம் நாள் நீலம் பூத்த உதட்டோடு தூக்கிக்கொண்டு ஓடுவதும் அந்தப் பயத்தின் விளைச்சல்தான். பெருந்தொற்றுக் காலத்தில் ஒட்சிசனுக்கு அடுத்தபடி தேவைப்படும் மருந்து நம்பிக்கை. அதை இறக்குமதி செய்ய முடியாது.

நம்பிக்கை என்றதும் 2018 ஓகஸ்டில் கலஹாவில் நடந்தது நினைவுக்கு வராமல் இருக்காது. அங்குள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறு குழந்தை இறந்தது. உரிய நேரத்தில் வைத்தியர் பார்க்கவில்லை என்று உறவினர்கள் குற்றம் சாட்டினார்கள். ஆத்திரமடைந்தவர்கள் கூடி வைத்தியசாலையைச் சேதப்படுத்தினார்கள். வைத்தியசாலையை உடைத்தது பிழை. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. உடைந்த கட்டடத்தால் அடுத்த நாள் சிரமப்பட்டதும் அதே மக்கள்தான். ஆனால் அந்தக் கோபத்தை வெறும் ரவுடித்தனம் என்று மூடி வைத்தவர்கள், சின்ன வைத்தியசாலைக்கும் பெரிய வைத்தியசாலைக்கும் இடையில் குழந்தைகள் விழும் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

மொழியும் அந்தப் பள்ளத்தின் ஒரு பகுதி. 2012 கணக்கெடுப்பின்படி கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களையும் மலையகத் தமிழரையும் இலங்கைத் தமிழரையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. தமிழ் 1987 முதல் ஆட்சிமொழி. ஆனால் குழந்தைக்கு எத்தனை நாள் காய்ச்சல், எப்போது கடைசியாகச் சிறுநீர் கழித்தது, முன்பு முட்டு வந்திருக்கிறதா என்று தாதி சிங்களத்தில் கேட்கும்போது, பாதி புரிந்தும் புரியாமலும் தலையாட்டும் தாய்மார் இன்றும் உண்டு. தாதியும் தன்னால் இயன்றதைத்தான் செய்கிறார். ஆனால் குழந்தை மருத்துவத்தில் நோயின் பாதி விவரம் தாயின் வாயில் இருக்கிறது. அது கிடைக்காத வைத்தியர் இருட்டில் தடவுகிறார்.

இனி மருந்துக்கு வருவோம். கொவிட் தொற்றிய இரண்டு தொடக்கம் ஆறு வாரங்களுக்குப் பிறகு, சிறு எண்ணிக்கையான பிள்ளைகளுக்கு உடம்பின் பல உறுப்புகள் ஒரே நேரத்தில் அழற்சியடையும் ஒரு நிலை வந்தது. 2020 ஏப்ரலில் பிரித்தானிய வைத்தியர்கள் முதலில் எச்சரித்தார்கள். இலங்கையிலும் 2021இல் லேடி றிட்ஜ்வே வைத்தியசாலை வைத்தியர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். விடாத காய்ச்சல், சிவந்த கண், தோலில் தடிப்பு, வயிற்றுவலி, கடைசியில் இதயம் தளர்வது. சளி பிடித்ததாகக்கூடத் தெரியாமல் ஓடித்திரிந்த பிள்ளைக்கும் இது வரலாம் என்பதுதான் பெற்றோரை ஏமாற்றியது. இதற்குரிய முக்கிய சிகிச்சை, நாளத்தின் வழியே ஏற்றப்படும் இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதால் அதன் விலை அதிகம்.

அந்த இம்யூனோகுளோபுலினில்தான் பின்னர் இந்த நாட்டில் ஒரு பெரிய மருந்து மோசடி வழக்கு எழுந்தது. தரமற்ற மருந்துக் கொள்வனவு தொடர்பாக, முன்னாள் சுகாதார அமைச்சரும் அப்போதைய கண்டி மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினருமான கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைது செய்யப்பட்டார். குற்றம் செய்தாரா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஒரு குழந்தையின் இதயத்தைக் காக்க ஏற்றப்படும் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்ட் வைத்தியர் சந்தேகப்பட வேண்டிய நிலைக்கு நாடு வந்தது என்பதற்கு மட்டும் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அதற்கு முன்பே பேராதனை ஒரு அடி வாங்கியிருந்தது. 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலை, முன்கூட்டியே திகதி குறித்த சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அப்போது கொழும்பில் இருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் எஸ். ஜெய்சங்கர், செய்தியைப் பார்த்துக் கலக்கமடைந்ததாகவும் உதவி பற்றி ஆராயத் தமது உயர்ஸ்தானிகரிடம் சொல்லியிருப்பதாகவும் டுவிட்டரில் எழுதினார். அயல்நாட்டு அமைச்சர் ஒருவர் இரங்கும் அளவுக்கு மலைநாட்டின் பெரிய வைத்தியசாலை போனது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து வைத்தால், அந்த ஓரிடம் தடுமாறும்போது முழு மாகாணமும் தடுமாறும்.

கொவிட் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்பவர்கள் 2018 மே மாதத்தைத் திரும்பிப் பார்க்கட்டும். தென் மாகாணத்தில் இன்புளுவென்சாவும் வேறு சுவாச வைரஸ்களும் சேர்ந்து பரவி, பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகள். பாலர் பாடசாலைகளையும் ஆரம்ப வகுப்புகளையும் மூட வேண்டியதாயிற்று. அதைப் பெருந்தொற்று என்று யாரும் அறிவிக்கவில்லை. 2025 ஜனவரியில் சீனாவில் மெட்டாநியூமோ வைரஸ் பரவுகிறது என்று தொலைக்காட்சிகள் அலறியபோது, இலங்கைப் பிள்ளைகளிடம் அது ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது. பேராதனை மருத்துவ பீடத்தின் ஃபசீஹா நூர்தீன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்கள். மலைக்குக் கீழே ஆய்வுகூடத்தில் தெரிந்த செய்தி, மலைக்கு மேலே டிஸ்பென்சரிக்கு ஏறவில்லை. அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது வானத்தை வில்லாக வளைக்கும் வேலை ஒன்றுமில்லை. பங்களாதேஷைப் பார்க்கலாம். டாக்காவில் வைத்தியர் முகமது ஜோபாயர் சிஷ்தியும் சகாக்களும், கடும் நியூமோனியா உள்ள குழந்தைகளுக்கு ஒட்சிசனைச் சிறிது அழுத்தத்தோடு கொடுக்க ஷாம்பூ போத்தலும் தண்ணீரும் குழாயும் வைத்து ஒரு கருவி செய்தார்கள். 2015இல் வெளியான அவர்களது ஆய்வில், சாதாரண முறையில் ஒட்சிசன் பெற்றவர்களில் 15 சதவீதமானோர் இறந்தார்கள். இந்த முறையில் 4 சதவீதம். கேட்டவுடன் எல்லா ஊருக்கும் ஆளுக்கொரு போத்தல் அனுப்பத் தோன்றும். அவசரப்படக் கூடாது. மலாவியில் ஒரு மாவட்ட வைத்தியசாலையில், வைத்தியரின் அன்றாட மேற்பார்வை இல்லாமல் இதே வகைச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்தபோது இறப்பு கூடியது: 11 சதவீதத்துக்குப் பதிலாக 17. 2019இல் வெளியான முடிவு அது. கருவியைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்ற கண் இல்லாவிட்டால் கருவியே ஆபத்து.

ஆகவே கண்டிக்குத் தேவை இரண்டு படி. நாவலப்பிட்டி, கம்பளை, தெல்தெனிய வைத்தியசாலைகளில், எந்நேரமும் வைத்தியர் பார்வையில் இருக்கும் சில குழந்தைக் கட்டில்களும் அழுத்தத்தோடு ஒட்சிசன் கொடுக்கும் வசதியும் வர வேண்டும். தெல்தெனியவைக் கொவிட் சிகிச்சைக்கு ஒதுக்க முடிந்த அமைச்சுக்கு, அங்கே பிள்ளைகளுக்கு நாலு கட்டில் ஒதுக்குவது பெரிய காரியமாக இராது. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை போன்ற இடங்களில் அவ்வளவு வேண்டாம். குழந்தைக்குப் பொருந்தும் ஒட்சிசன் அளவுமானி, சாதாரண ஒட்சிசன், மூச்சை எண்ணத் தெரிந்த, தமிழ் தெரிந்த ஒருவர் இரவிலும் இருந்தால் போதும். விரலில் மாட்டும் அந்த மானிக்கு வழி கண்டவர் ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அவோயாகி. உலகமே அதைத் தேடி ஓடிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில்தான் அவர் காலமானார். பெரியவரின் மானியைக் குழந்தையின் விரலில் மாட்டினால் நழுவும், பொய்க்கணக்குக் காட்டும் என்பதையும் கொள்வனவு செய்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். இன்புளுவென்சா தடுப்பூசி தேசிய அட்டவணையில் இல்லை. நியூமோகொக்கல் தடுப்பூசியும் நெடுங்காலமாகத் தனியார் வைத்தியசாலையில் காசு கொடுத்துப் போடும் ஒன்றாகவே இருந்துவந்திருக்கிறது. கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளத்தில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்க முடியாவிட்டால், வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் அதிகமுள்ள தோட்டங்களிலிருந்து தொடங்கலாம். அதைச் சலுகை என்று யாராவது சொன்னால், 31.7 என்ற எண்ணைக் காட்டினால் போதும்.

மாகாண சுகாதாரத் திணைக்களமும் தோட்டக் கம்பனிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பது 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது முதல் நடக்கும் பழைய கூத்து. தோட்டத்துப் பிள்ளை இலங்கைப் பிரஜை. அவரது ஒட்சிசனுக்குப் பொறுப்பு அரசு. கம்பனி, பாதையைச் சீர்செய்து கொடுக்கட்டும். இரவில் ஒரு வாகனத்தைத் தயாராக வைத்திருக்கட்டும். அடுத்த மாகாண வரவு செலவுத் திட்டத்தில் இந்தக் கட்டில்களுக்கு ஒரு வரி இருக்கிறதா என்று கண்டி மாவட்டத் தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகள் பகிரங்கமாகக் கேட்க வேண்டும். கேட்டார்களா என்று வாக்காளர் கேட்க வேண்டும்.

அதுவரை வாசகருக்கு ஒரு வேண்டுகோள். சுவசரிய அம்பியூலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. அழைப்பு இலவசம், சேவையும் இலவசம். குழந்தையின் மூச்சு வேகம் கூடி நெஞ்சு உள்வாங்கினால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே அழையுங்கள். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், வண்டி எதுவரை ஏறும் என்பதையும் சொல்லுங்கள். ஒருவரை டோர்ச்சோடு ரோட்டுக்கு அனுப்பி வையுங்கள்.